ஊசி ஒத்துக்கொள்ளும்

காஜா பேராங் பக்கம் சைக்கிளில் வருகிற அந்தத் தாதி மிஸ்ஸியிடம் சும்மா தலையாட்டிவிட்டுத் தப்பிக்க முடியாதாம். ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்பாளாம். முதல் இரண்டு தரம் கேட்பது அவள்தானாம். மூன்றாம் தரம் கேட்பது அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிற, செத்துப்போன ஒரு பெண்பிள்ளையாம்.

இதைச் சலவைக்காரரின் மனைவி யாரிடமோ சொல்ல, அந்த யாரோ ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற மல்லிகாவிடம் சொல்ல, மல்லிகா பஞ்சு உருட்டிக்கொண்டே அதைச் சம்பந்தப்பட்ட மிஸ்ஸியிடமே சொல்லிச் சிரித்தாள்.

“ஒன்னைப் பாத்தா புள்ளைங்க அழுவுறதுகூட நின்னுடுதாம் விஜயா. பேய் மிஸ்ஸி வந்துட்டாங்கன்னு சொல்லியே சோறு ஊட்டுறாங்களாம். நம்ம ஆஸ்பத்திரிக்கு நல்ல பேருதான் போ.”

விஜயாவும் சிரித்தாள். அந்தப் பெண்பிள்ளைக்கு என்ன பெயர் என்று யாராவது சொல்கிறார்களா என்று மட்டும் கேட்டாள். மல்லிகாவுக்குத் தெரியவில்லை. விஜயாவுக்குத் தெரியும்.

விஜயா பிறந்தது யாழ்ப்பாணத்தில், சாவகச்சேரிப் பக்கம். தமிழும் ஆங்கிலமுமாகப் படித்தவள். தாய் தகப்பன் இருவரும் ஒரே வருடத்தில் போய்விட, பதினெட்டு வயதில் கப்பலேறி மலாக்காவுக்கு அண்ணன் பொன்னுதுரையிடம் வந்து சேர்ந்தாள். அவர் நில அளவை அலுவலகத்தில் எழுத்து வேலைக் கிராணி. செமாபோக்கில் வாடகை வீடு. வந்த மறு வருடமே பாதிரிமார் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. மலாய் மொழி அவளுக்குச் சந்தைக்குப் போய்வருகிற அளவுக்குத்தான். மீன், இறால், முட்டை, எவ்வளவு, வேண்டாம்.

வகுப்பில் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நோயாளியைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டும். முகத்தின் நிறம், உதடு, நகம். நாடி எண்ணி முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். பிறகு கேள்விகள். அச்சடித்த தாளில் கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும். நோயாளியின் மொழியில் கேட்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

அந்தக் கேள்விகளில்தான் விஜயா கெட்டிக்காரி என்று பெயர் எடுத்திருந்தாள். மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் ஆகிற தாளை அவள் நாலு நிமிடத்தில் முடித்துவிடுவாள். பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிடுவது அவள் வழக்கம். பசிக்குதுதானே, நித்திரை வருகுதுதானே, ஊசி எல்லாம் ஒத்துக்கொள்ளும்தானே. படுத்திருப்பவர் தலையை அசைத்தால் போதும்.

ஐம்பத்தேழாம் வருடம் ஆகஸ்டு மாதம். மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் அடைகிற நாளுக்கு, இரண்டு வாரம் இருந்தது. ஊர் முழுக்க மூங்கில் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குக் கையில் சீழ்க்கட்டியோடு காஜா பேராங்கிலிருந்து ஒரு பெண் வந்து படுத்தாள். நெற்றியில் திருநீறும் குங்குமமும். தாளில் பெயர் தெய்வானை. உங்கள் ஆள்தான், நீயே கேட்டு எழுது என்று வார்டுச் சிஸ்டர் சொல்லிவிட்டுப் போனாள்.

பேரும் பொட்டும் தமிழாக இருந்தால் பேச்சும் தமிழாகத்தான் இருக்கும் என்று விஜயா நினைத்ததில் அதிசயம் இல்லை. வேறு ஊரிலிருந்து வந்த எந்தத் தமிழருக்கும் அப்படித்தான் தோன்றும். மலாக்காச் செட்டி வீடுகளில் சாமி தமிழ்ச் சாமி, பேர் தமிழ்ப் பேர், பேச்சு மட்டும் தலைமுறை தலைமுறையாக மலாய் என்பது, இரண்டு வருடம் அந்த ஊரில் இருந்தும் அவள் காதில் விழுந்திருக்கவில்லை. அவள் தமிழில் கேட்டாள். தெய்வானை சிரித்த முகமாகத் தலையசைத்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் அசைத்தாள். கோயிலில் குருக்கள் சொல்வதற்குப் பணிவாகத் தலையசைத்துப் பழகிய பெண். ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு முன்னால், எனக்கு நம் பாஷை தெரியாது என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். விஜயா ஆங்கிலத்தில் எழுதினாள்: ஊசி ஒத்துக்கொள்ளும்.

மதியம் வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு வந்தது. இறால் சம்பல் மணத்தது. நாலு மணிக்குப் பெனிசிலின் போட்டார்கள். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. உதடு தடித்தது, கழுத்து தடித்தது, மூச்சு விசிலடித்தது. சிஸ்டர் டாக்டரைத் தேடி ஓடினாள். விஜயா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெய்வானை அவளை நேராகப் பார்த்து மலாயில் ஏதோ சொன்னாள், இரண்டு தரம். விஜயாவுக்கு விளங்கவில்லை. டாக்டர் வந்தபோது கையில் நாடி இல்லை.

தரை துடைக்கிற ஆயாதான் பிறகு சொன்னாள். “போன தடவ ஊசி போட்டப்பவும் இப்படித்தான் ஆச்சுன்னு சொல்லிச்சு அந்தம்மா. பாவம், ஒன்கிட்டதான் சொல்லிச்சு.”

டாக்டர் வேறொரு நோயாளியிடம் போயிருந்த நேரத்தில் தெய்வானையின் புருஷன் விநாயகம் வந்தார். வாட்டசாட்டமான ஆள், தச்சு வேலை. அவருக்கு ஆங்கிலம் வராது; கட்டிலருகே விஜயா மட்டும்தான் நின்றாள். அவர் அடுக்குப் பாத்திரத்தைப் பார்த்தார், மனைவியின் வீங்கிய முகத்தைப் பார்த்தார். பிறகு விஜயாவைப் பார்த்து ஒரே ஒரு சொல் கேட்டார். “உடாங்?”

இறாலா என்று கேட்கிறார். அது சந்தைச் சொல். அவளுக்குத் தெரிந்த சொல்.

விஜயா தலையசைத்தாள்.

அண்ணனிடம் சொன்னாள். பொன்னுதுரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார். “உன்னை ஆர் கேட்டது தங்கச்சி? டாக்டர் தன்ரை புத்தகத்திலை எழுதிப்போட்டார், அவ்வளவுதான். உந்தக் கதையை இனி வாயிலை எடுக்காதை. சோதினை முடியட்டும். நாடு மாறப்போகுது, எங்கடை கடுதாசியள் ஒண்டும் இன்னும் கைக்கு வரேல்லை. திருப்பி அனுப்பிப்போட்டாங்கள் எண்டால் எங்கை போவாய், ஆரிட்டைப் போவாய்?”

அவள் பேசாமல் இருந்தாள். சோதனை பாஸானாள். குடியுரிமைக் கடுதாசியும் வந்தது. ஆனால் தெய்வானை போகவில்லை. பேருந்தில் எதிரே தூங்கி வழிகிறவரின் தலை அசைந்தால் விஜயா எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவாள். சந்தையில் இறால் கூடை இருக்கும் வரிசைக்கு அவள் போவதில்லை. வார்டில் யாராவது ஒரு நோயாளி சிரித்தபடி ஆமாம் ஆமாம் என்று சொன்னால், அந்த மலாய் வாக்கியத்தின் ஓசை காதுக்குள் எழும்பும், இரண்டு தரம், அதே மூச்சு விசிலோடு. கேட்கிற முறையையே அவள் மாற்றிக்கொண்டாள். ஒத்துக்கொள்ளுமா என்று கேட்பதை விட்டாள். முன்னே எப்போது ஊசி போட்டீர்கள், அன்றைக்கு வீட்டுக்குப் போன பிறகு என்ன நடந்தது, யார் கூட இருந்தார்கள் என்று கதையாகக் கேட்டாள். நோயாளி சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். நான் சொன்னது என்ன, நீங்கள் சொல்லுங்கள் என்று மறுபடி கேட்டாள். மலாயை முறையாகப் படித்தாள். புதிதாக வந்த பயிற்சிப் பெண்களுக்கும் இதையே சொல்லிச் சொல்லி அலுக்க வைத்தாள். ஏன் என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருடம் கடைசியில் அவளை வீடுவீடாகப் போய்க் கட்டுப்போடும் வேலைக்கு மாற்றினார்கள். சைக்கிள் கொடுத்தார்கள். முகவரிகளில் ஒன்று காஜா பேராங்: விநாயகம், சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண்.

முதல் நாளே அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். என் மனைவியின் கையைக் கடைசியாகப் பிடித்திருந்த மிஸ்ஸி என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொன்னார். அதற்காகவே அவளுக்குத் தேநீரில் சர்க்கரை கூடப் போடச் சொன்னார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு முறையும் கட்டுப்போட்டுவிட்டுப் போனாள். சொன்னால் தாதித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை விட வேண்டியிருக்கும். அது கூடப் பெரிதில்லை. அந்தத் தேநீரை அவர் என்ன செய்வார் என்பதை நினைத்தால்தான் வாய் எழவில்லை.

போகியன்று பிற்பகல் அவள் போனபோது வீட்டு முன்கதவு சாத்தியிருந்தது. உள்ளே செத்துப்போன பெரியவர்களுக்கு வாழையிலையில் படைத்திருந்தார்கள். அவர்கள் வந்து சாப்பிட்டு முடிக்கிற வரை உயிரோடு இருப்பவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்பது அந்த வீடுகளின் முறை. முன்வராந்தாவில் விநாயகம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கூட யாரும் இல்லை. மகள் உமையாளைக் காலையில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகச் சொன்னார். மூன்று நாளைக்கு முன் ஆணியை மிதித்தவள், பாதம் சிவந்து வீங்கிவிட்டது, அறுத்துச் சீழ் எடுத்தார்களாம். கவலை இல்லை, அவள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் படித்தவள், கேட்டதற்கெல்லாம் நன்றாகப் பதில் சொன்னாள், நீ மூன்று தரம் கேட்டாலும் மூன்று தரமும் சொல்லியிருப்பாள் என்று கிண்டல் செய்தார். கிண்டல் எல்லாம் மலாயில்தான். இப்போது விஜயாவுக்கு அது விளங்கும்.

அவள் பழைய கட்டை அவிழ்த்தாள். சாத்திய கதவுக்குள் ஏதோ ஒரு பாத்திரம் மெல்ல நகர்ந்தது போல இருந்தது. பூனையாக இருக்கலாம். விநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. தெய்வானைக்கும் ஓர் இலை போட்டிருக்கிறது என்றார். கோழிக்கறி, கத்தரிக்காய், நெய்ச்சோறு, வெற்றிலை. இறால் மட்டும் வைப்பதில்லை. அதுதான் அவளுக்கு உயிர், அதுவே அவளைக் கொண்டுபோய்விட்டது, இன்னொரு தரம் நான் எப்படி அவளுக்கு அதைப் பரிமாறுவேன் என்று கேட்டார். அன்றைக்குப் பாத்திரத்தில் அதை வைத்துக் கட்டியது என் கைதான் மிஸ்ஸி என்றார்.

இரண்டரை வருடமாக அந்தக் கையைப் பற்றி அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

விஜயா பஞ்சைத் தட்டில் வைத்தாள். மலாயில் சொன்னாள். இறால் இல்லை. ஊசி. முன்பு ஒரு தரம் அந்த ஊசி உங்கள் மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. பதிலைக் கேட்காமலே எழுதினேன். நீங்கள் கேட்டபோது பொய்யாகத் தலையசைத்தேன்.

கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் முகத்தில் வந்தது வேறு. எதையோ பின்னோக்கி எண்ணிப் பார்க்கிறவர் போலக் கண் சுருங்கியது.

“எந்த ஊசி?” என்றார்.

“பெனிசிலின்.”

போன வருடம் கிளேபாங்கில் ஒரு டாக்டரிடம் உமையாளைக் காய்ச்சலுக்குக் கூட்டிப்போனதாக அவர் மெதுவாகச் சொன்னார். ஊசி போட்டார்கள். திரும்பி வருகிற வழியில் அவள் இறால் வடை வாங்கித் தின்றாள். வீடு வந்து சேர்வதற்குள் முகம் பலூன் மாதிரி வீங்கிவிட்டது. அம்மாவைக் கொன்ற இறால்தான் மகளையும் பிடித்துக்கொண்டது என்று வீடே அழுதது. அன்றிலிருந்து அவள் இறாலைத் தொடுவதில்லை.

“இன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாள்?”

“இறால் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னாள். பக்கத்தில் நின்று நானும் சொன்னேன். அங்கிருந்த தாதிப் பிள்ளை நன்றாகக் கேட்டாள் மிஸ்ஸி, நீ கேட்கிற மாதிரியே கேட்டாள். எழுதிக்கொண்டாள். ஊசி என்று எங்களுக்குத் தெரியாதே.”

விஜயா மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். நாலு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம். சீழ் எடுத்த காலுக்கு அந்த ஆஸ்பத்திரியில் வேறு மருந்து கொடுப்பதில்லை. கொடுக்கிற நேரமும் மாறவில்லை. சைக்கிளில் எவ்வளவு மிதித்தாலும் இருபது நிமிடம்.

தெரு முனையில் யூசுப் பாயின் மளிகைக் கடை. அங்கே டெலிபோன் உண்டு. தொப்பி விழுந்ததைக்கூட எடுக்காமல் ஓடினாள். பாதி சொல்வதற்குள் யூசுப் பாய்க்குப் புரிந்துவிட்டது. கடையில் நின்ற ஆட்களை அப்படியே விட்டுவிட்டு, வெளியே ஓடி, விநாயகம் வீட்டு வாசலில் கிடந்த அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி இருக்கிற இடது பக்கம் திரும்பி மறைந்தார்.

அவள் எண்ணைச் சுழற்றினாள். மறுமுனையில் மணி அடித்தது. பெண்கள் வார்டின் டெலிபோன் எங்கே இருக்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்: தாழ்வாரக் கோடியில், சிஸ்டரின் மேசை மேல். நாலு மணிக்குச் சிஸ்டர் மேசையில் இருக்க மாட்டாள். ஊசித் தட்டை ஏந்திய பிள்ளைக்குப் பின்னால் கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருப்பாள். பார்வையாளர்கள் பேசுகிற சத்தத்தில் மணி கேட்குமா, கேட்காதா.

கடைக் கடிகாரம் நாலைக் காட்டியது. அவள் வைத்துவிட்டு மறுபடி சுழற்றினாள். கடைக்கு வந்திருந்த ஒரு பெண் எண்ணெய்ப் புட்டியைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வெயிலில் விநாயகம் ஒற்றைக் காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். புண் திறந்தே இருந்தது. அவர் வந்து கேட்பதற்குள் யாராவது எடுத்துவிட வேண்டும். விஜயா டெலிபோன் குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சேர்த்து வைத்துக்கொண்டாள். உமையாள், காஜா பேராங், ஊசி போடாதீர்கள்.

மணி அடித்துக்கொண்டிருந்தது.