லயல் – டெஸ்லி, சானல் பதினெட்டு

ஜூன் பிறந்து குளிர் தொடங்கிவிட்டால் குவீன்ஸ்லாந்தின் தெற்கே இருக்கிற வயசாளிகளுக்கெல்லாம் காலில் சக்கரம் முளைத்துவிடும். பிக்கப் வண்டியின் பின்னால் சக்கர வீடான கேரவனைக் கோத்துக்கொண்டு, வெயில் எங்கே இருக்கிறதோ அங்கே போய் மூன்று மாதம் மீன் பிடித்துவிட்டு வருவார்கள். ஊரில் இருந்தால் மட்டும் என்ன செய்துவிடப் போகிறார்கள், முட்டியைத் தேய்த்துக்கொண்டு டீவி பார்ப்பார்கள்.

இந்தக் கேரவன்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கேரவனின் முதுகில் புருஷன் பெண்டாட்டி பெயரையும், வண்டிக்கு வண்டி பேசிக்கொள்கிற ரேடியோவில் அவர்களுடைய சானல் எண்ணையும் பெரிதாக ஒட்டி வைப்பார்கள். பின்னால் வருகிறவர் அதைப் படித்துவிட்டு மைக்கை எடுத்து இரண்டு பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவார். பாலத்தில் மாடு நிற்கிறது என்பார், அடுத்த ஊர் பேக்கரியில் கறிப் பஃப் நன்றாயிருக்கும் என்பார், ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா வம்பளப்பார். ஒருவர் பெயரை மட்டும் தனியாகச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை.

டெஸ்லி க்ராவ்ஸின் கேரவனில் 'லயல் – டெஸ்லி, சானல் 18' என்று இருந்தது. ஒட்டியது லயல். தன் பெயரைக் கொஞ்சம் கோணலாக ஒட்டிவிட்டு, அவள் பெயருக்கு மட்டும் மட்டப்பலகை வைத்து ஒட்டினான். போன வருஷம் ஜூலையில், புறப்படப் பத்து நாள் இருக்கும்போது, அதே கேரவனைக் கழுவிக்கொண்டிருந்தவன் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே முற்றத்தில் விழுந்து இறந்துபோனான். அடுப்படியில் இருந்த டெஸ்லி, தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டதால் அவன் கழுவிக்கொண்டிருக்கிறான் என்றே வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்லிக்கு அறுபத்தேழு வயது. டால்பி ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தவள். லயல் தானியக் கிடங்கில் எடை மேடை பார்த்தவன். அவர்களுடைய முதல் பேச்சே சண்டைதான். பத்தொன்பது வயதில் அப்பாவின் கோதுமை லாரியை ஓட்டிக்கொண்டு போனாள். எடை கூட, இறக்கிவிட்டு வா என்றான் லயல். உன் மேடைதான் கோளாறு என்றாள் இவள். மறுநாள் எடை சரியாக இருந்தும் அவளை அரைமணி நேரம் நிறுத்தி வைத்திருந்தான். அதற்குக் காரணம் எடை இல்லை என்பது கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

வடக்கே கடலோரத்தில் கரம்பா என்று ஓர் ஊர். அங்கே போய் ஒரு குளிர்காலம் இருக்க வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஆசை. ஒவ்வொரு வருஷமும் "இந்த அறுவடை முடியட்டும்" என்பான் லயல். அறுவடை என்ன, முடிந்துகொண்டேதான் இருந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் மேல் அவளுக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

பெர்த்தில் இருக்கிற மகன் கேரவனை விற்றுவிடச் சொன்னான். டெஸ்லி ஊர்ப் பொருட்காட்சி மைதானத்துக்குப் போய், பிளாஸ்டிக் கூம்புகளை நட்டு வைத்து, கேரவனை இழுத்து ஓட்டப் பழகினாள். பின்பக்கமாக ஓட்டுவது மட்டும் கடைசிவரை வரவில்லை. லயல் இறந்து பதினோராம் மாதம், ஜூனில், தனியாகவே கரம்பாவுக்குக் கிளம்பிவிட்டாள்.

முதல் நாள், ரோமா ஊருக்கு முன்னால், முகம் தெரியாத ஒரு குரல் ரேடியோவில் வந்தது.

"லயல், டெஸ்லி, கேக்குதா?"

அவள் வண்டியை ஓரங்கட்டிவிட்டாள். பதினோரு மாதமாக அந்த இரண்டு பெயரையும் யாரும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. டால்பியில் லயல் பெயரை எடுத்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வார்கள். இந்த ஆளோ ஏதோ லயல் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருப்பதுபோலக் கூப்பிட்டான். அவள் மைக்கை எடுத்தாள்.

"கேக்குது."

"லயல் ஓட்டறாரா?"

"இல்ல, தூங்குறார்."

பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: கரம்பா போய்ச் சேருகிறவரை அந்த இரண்டு பெயரும் சேர்ந்தே காதில் விழ வேண்டும். அதற்காக எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்ல அவள் தயாராக இருந்தாள்.

இரண்டாம் நாள் பெவன், நோயலீன் என்ற தம்பதி சேர்ந்துகொண்டார்கள், அவர்களும் கரம்பாவுக்குத்தான். கிங்கராயில் வேர்க்கடலை விவசாயம் பார்த்துவிட்டு நிலத்தை மகளிடம் கொடுத்தவர்கள். பெவன் ரேடியோவில் ஓயாமல் வாயடிப்பான்.

"லயல், டெஸ்லி! என்னப்பா, அந்த மனுஷன் இன்னுமா எந்திரிக்கல? ஆட்டை முழுங்கின மலைப்பாம்பு மாதிரில்ல தூங்குறான்!"

"அவருக்கு முதுகுவலி, பெவன்."

"தூங்கித் தூங்கியே வந்த வலிதான் அது."

சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வட்டமாகக் குடிக்க உட்காரும்போது, டெஸ்லி ஒதுக்குப்புறமாக வண்டியை நிறுத்திக்கொள்வாள். ஒரு நாள் நோயலீன் உப்பில் ஊறவைத்து வேகவைத்த மாட்டிறைச்சியை இரண்டு தட்டில் கொண்டுவந்து கொடுத்தாள், ஒன்று லயலுக்கு. உள்ளே எட்டிப் பார்க்கப் போனவளை வாசலிலேயே நின்று மறித்துவிட்டாள் டெஸ்லி.

ஐந்தாம் நாள் காலை விண்டன் ஊருக்கு வெளியே சாலையோரத்தில் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் நின்றார்கள். வடக்கே போகிற கேரவன்களை ஒவ்வொன்றாக மடக்கி எடைத் தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்; போன குளிர்காலத்தில் இரண்டு கேரவன்கள் பாரம் தாங்காமல் ஆட்டங்கண்டு கவிழ்ந்திருந்தன. அதனால் இந்தக் கெடுபிடி. டெஸ்லி முன்னால், பெவன் பின்னால்.

எடை பார்க்கிற அதிகாரியின் பெயர் கெரட். நாற்பது வயது, வெயிலில் உரிந்த மூக்கு. கேரவன் சக்கரங்களைத் தட்டில் ஏற்றச் சொல்லிப் படித்தான்.

"நூத்தி இருபது கிலோ கூட இருக்கும்மா. சரி, அடுத்து இழுக்கிற வண்டியப் பாப்போம். அதுல போற ஆளெல்லாம் உள்ள உக்காந்திருக்கணும். உங்க வீட்டுக்காரர் எங்க?"

டெஸ்லி குனிந்து தட்டின் மேலிருந்த சக்கரத்தைப் பார்த்தாள்.

கெரட் கேரவனின் முதுகைக் காட்டினான். "ரெண்டு பேர்னு போட்டிருக்கே. போன வாரம் ஒருத்தர், நூத்திப்பத்து கிலோ ஆள், எடை போடறாங்கன்னு ரேடியோல கேட்டதும் பொண்டாட்டிய ஓட்டச் சொல்லிட்டு இறங்கிப் புதருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டார். எறும்பு கடிச்சு அவரே ஓடி வந்தார். நீங்க எங்கம்மா இறக்கி விட்டீங்க?"

பின்னாலிருந்து நோயலீன் உதவிக்கு ஓடிவந்தாள். "அய்யோ, அவர் எங்கயும் இறங்கல தம்பி! கேரவனுக்குள்ளதான் தூங்குறார். நாலு நாளா பாக்குறேனே!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓடுகிற கேரவனுக்குள் ஆள் இருப்பது பாரம் கூடுவதைவிடப் பெரிய குற்றம். கெரட்டின் முகம் மாறிவிட்டது. நேராகப் போய்க் கேரவன் கதவைத் தட்டினான்.

"லயல்! கொஞ்சம் வெளிய வாங்க."

பதில் இல்லை. மறுபடி தட்டினான். பெவனும் போய்ச் சேர்ந்துகொண்டு உள்ளங்கையால் கதவை அறைந்தான்.

"டேய் லயல், எந்திரிடா! உன்னால நாங்க எல்லாம் வெயில்ல காயுறோம்!"

டெஸ்லி அப்போதே தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. இரண்டு ஆண்கள் அவன் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறார்கள். இவள் தள்ளி நின்று கதவையே பார்க்கிறாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, எங்கே கண்ணாடி எங்கே கண்ணாடி என்று கேட்டுக்கொண்டே இறங்கி வருவான். அப்படித்தான் வருவான், நாற்பத்தைந்து வருஷமாக அப்படித்தான் வந்தான். கைப்பிடி அசையும் என்று அவள் காத்திருந்தாள். இன்னொரு தடவை தட்டினால் போதும் என்றிருந்தது.

இன்னொரு தடவையும் தட்டினார்கள்.

"அவர் இல்ல," என்றாள் டெஸ்லி. "போன ஜூலைல போயிட்டார்."

எங்கே போய்விட்டார் என்று யாரும் கேட்கவில்லை. கெரட் தொப்பியைக் கழற்றினான். பெவன் கதவில் வைத்த கையை எடுக்கத் தெரியாமல் நின்றான். நோயலீனுக்கு மட்டும் ஒன்று உறுத்தியது.

"அப்ப அன்னிக்கு நான் குடுத்த கறி?"

"நான்தான் தின்னேன்."

"ரெண்டு தட்டுமா?"

"ரெண்டும்."

நோயலீனுக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா தெரியவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. "ஏன்டி சொல்லல?" என்றாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா," என்றான் கெரட். "ஆனா பாரத்தோட உங்கள விட்டுட்டு, அப்புறம் கவுந்த வண்டிக்குள்ள இருந்து உங்களப் பெயர்த்து எடுக்கிற மாதிரி ஆகக்கூடாது. அபராதம் போடல. இறக்கிட்டுப் போங்க."

முதலில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டார்கள். எழுபது லிட்டர் செம்மண்ணில் ஓடியது. எங்கிருந்தோ வெள்ளைக் கிளிகள் கூட்டமாக வந்து இறங்கிக் குடித்தன. இன்னும் ஐம்பது கிலோ. கெரட் முன்பக்கப் பெட்டியைத் திறக்கச் சொன்னான். லயலின் மீன்பிடி பூட்ஸ், லயலின் தூண்டில்கள், ஸ்பானர் பெட்டி. ஒரு நட்டைக்கூடத் திருகத் தெரியாத பெண்பிள்ளை இரும்புப் பெட்டியை ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் கேலி செய்யவில்லை. எப்போதும் கேலி செய்கிற பெவன்கூட.

"எங்க வண்டி இன்னும் எண்பது கிலோ தாங்கும்," என்றான் பெவன். "கரம்பாவுல இறக்கித் தர்றேன். பத்திரமா இருக்கும், டெஸ்லி."

அவனும் கெரட்டும் ஸ்பானர் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். டெஸ்லி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மறுபடி தட்டில் ஏற்றியபோது எடை சரியாக இருந்தது. நல்லபடியாகப் போய்வாருங்கள் என்றான் கெரட்.

இப்போது பெவன் முன்னால் போனான், அவள் பின்னால். ஐம்பது கிலோமீட்டர் ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. பெவனாவது, இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பதாவது. டெஸ்லி இரண்டு தடவை மைக்கைத் தொட்டுப் பார்த்தாள், வேலை செய்கிறதா என்று. பிறகு நோயலீனின் குரல் வந்தது. தாழ்ந்த குரல், டால்பியில் எல்லோரும் பேசுவதுபோல.

"டெஸ்லி... கேக்குதா, டெஸ்லி?"

ஒரு பெயர்தான். எவ்வளவு நல்ல மனசோடு சொன்னாள், எவ்வளவு வலித்தது. கதவு திறக்காதபோதுகூட லயல் அவ்வளவு தூரம் போய்விடவில்லை.

"டெஸ்லி? நல்லாருக்கியாடி?"

"நோயலீன், ஒண்ணு கேட்டாச் செய்வியா?"

"கேளு."

"ஏன் சொல்லலன்னு கேட்டேல்ல? சொன்னா கூப்பிடமாட்டீங்கன்னுதான் சொல்லல." மைக்கை விட்டுவிட்டு மறுபடி அழுத்தினாள். "கரம்பா போற வரைக்கும் ரெண்டு பேரையும் சேர்த்தே கூப்பிடுங்க. தூங்குறார்னு இனிமே நான் சொல்லமாட்டேன். நீங்களும் பொய் சொல்ல வேணாம். கூப்பிட மட்டும் செய்யுங்க. அவர் பேரை யாராவது சத்தமாச் சொல்லிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

ரேடியோவில் வெறும் இரைச்சல். அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தாள். பைத்தியக்காரி என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்த்துக்கொள்ளட்டும்.

கரகரவென்று பெவன் வந்தான். பழைய சத்தமான குரலேதான்.

"லயல், டெஸ்லி! எதுக்க மூணு பெட்டி கோத்த லாரி வருது, புழுதியக் கெளப்பிக்கிட்டு. ரெண்டு பேரும் இடதுபக்கம் நல்லா ஒதுங்கிக்கங்க."

டெஸ்லி இடதுபக்கம் ஒதுங்கினாள்.