எலுபி வாங்கிய கைநாட்டுகள்

ஷிரே ஆற்றங்கரையில் எங்கள் ஊருக்கு எலுபிதான் விவசாய அதிகாரி. இங்கேயே பிறந்தவள். சைக்கிளில் வயல் வயலாகப் போய்ப் பருத்திப் புழுவுக்கு மருந்து சொல்வாள். அவள் சொன்னால் ஊர் கேட்கும். அதனால்தான் மேலிடம் எங்களிடம் கைநாட்டு வாங்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்தது.

அரசாங்கமும் ஒரு தனியார் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்திருந்தன. வாய்க்கால் அரசாங்கத்தினுடையது, பம்பும் கரும்பும் கம்பெனியினுடையது, நிலம் எங்களுடையது. எல்லா நிலத்தையும் ஒரு சங்கத்தின் பெயரில் எழுதித் தந்தால் லாபத்தில் பங்கு. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. எலுபி வீடு வீடாகப் போய், எங்கள் பேச்சில் படித்துச் சொல்லிக் கைநாட்டு வாங்கினாள்.

கடைசிவரை மறுத்தவன் அவளுடைய அண்ணன் வைசன்.

“ஆத்தோரத் தோட்டத்த மட்டும் விட்டுடு தங்கச்சி. மழை பேயாத வருஷமும் அதுல மக்காச்சோளம் வெளையுது.”

“எல்லா நெலமும் சேந்தாத்தான் வாய்க்கா வரும்ண்ணே. அதிகாரியோட அண்ணன் மட்டும் போடலன்னா என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது?”

“ஒன் மூஞ்சிக்காகத்தான் போடறேன். கம்பெனி மூஞ்சிய யாரு பாத்தா?” என்று சிரித்தபடி விரலை மையில் வைத்தான்.

இரண்டு வருடம் கரும்பு செழித்தது. சில வீடுகளுக்குத் தகரக் கூரைகூட வந்தது. மூன்றாம் வருடம், பம்புக்கு மின்சாரம் தருவது யார் பொறுப்பு என்று இரு தரப்புக்கும் தகராறு. கம்பெனி கிளம்பிவிட்டது. கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்தது. அதைப் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போடப் போனவர்களைச் சங்கத்துக் காவலாளிகள் விரட்டினார்கள்.

அந்த வருடம் மழையும் இல்லை. ந்சீமாக் களி கிளற வீட்டில் மக்காச்சோள மாவில்லாமல், ஜனங்கள் சதுப்பில் இறங்கி அல்லிக் கிழங்கு தோண்டினார்கள். முதலைகள் உள்ள தண்ணீர்தான், வேறு வழியில்லை. வைசன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கிழங்கைக் கரைக்கு எறிய, மனைவி டொலொஃபீனா கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று கிழங்கு வருவது நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். ஆள் இல்லை.

மூன்றாம் நாள், கிடைத்ததைப் பாயில் சுருட்டிப் புதைத்தோம். எலுபி அழவில்லை. அண்ணி இருந்த பக்கம் திரும்பவும் இல்லை.

ஆறு மாதத்தில் வேறொரு கம்பெனியை அழைத்துக்கொண்டு மாவட்ட அதிகாரி வந்தார். புது ஒப்பந்தத்துக்கு மறுபடி கைநாட்டு வாங்க மரத்தடியில் கூட்டம். கம்பெனிக்காரர் ஆங்கிலத்தில் பேச, எலுபி எங்களுக்குச் சொல்ல வேண்டும். அவள் பழைய ஒப்பந்தத்தைப் பிரித்தாள்.

“இருபத்தஞ்சு வருஷத்துக்கு நெலத்தத் திருப்பிக் கேக்க முடியாது, கம்பெனி போனாலும் முடியாதுன்னு இதுல இருக்கு. அன்னிக்கு இத நான் படிக்கல. படிச்சா நீங்க யாரும் போட மாட்டீங்கன்னு தெரிஞ்சேதான் விட்டேன்.”

“அவருக்குமா படிக்கல?” என்று கேட்டாள் டொலொஃபீனா.

“படிக்கல அண்ணி.”

டொலொஃபீனா எழுந்து போனாள். பின்னாலேயே ஒவ்வொருவராக எழுந்தோம். மைப் பெட்டியை யாரும் தொடவில்லை.

அந்த மாதமே எலுபிக்கு வேலை போயிற்று. நிலத்தைத் திருப்பிக் கேட்டு ஊர் வழக்குப் போட்டு நான்கு வருடமாகிறது. அவளை யாரும் அடிக்கவில்லை, வணக்கமும் சொல்வதில்லை. கிழங்குக்கு இறங்கினால் பக்கத்தில் நிற்பவர்கள் தள்ளிப் போவார்கள். போன மாதம் அவள் ஊருக்காகச் சாட்சி சொல்லப் போன நாளில், அவள் ஏறிய லாரியிலேயே டொலொஃபீனாவும் ஏறினாள். நீதிமன்றம் வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தீர்ப்பு இன்னும் வரவில்லை.