இரண்டில் வைத்தால் ஆறு

எங்கள் தறிக்கூடத்துக் கம்ப்யூட்டரைக் கொன்றது நான்தான். தறியில் படியும் பஞ்சை ஊதுகிற கம்ப்ரஸர் குழாயை அதன் வயிற்றுக்குள்ளும் விட்டு ஊதினேன். எடப்பாடிப் பக்கம் எந்த மெஷினுக்கும் முதல் வைத்தியம் அதுதான். ப்ராஸஸர் மேலிருந்த குட்டி விசிறி கிறுகிறுவென்று சுற்றி இறக்கை ஒடிந்ததை நான் கவனிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் ப்ராஸஸர் வெந்துவிட்டது.

என் மனைவி பதினெட்டு வருடமாக வரைந்த சேலை டிசைன்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. டிசைனைத் தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளை போடும் மெஷின் அந்தப் பழைய கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்கும். டிசைன்களும் அதிலுள்ள புரோகிராமில் மட்டும்தான் திறக்கும். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அந்தப் புத்தி இருந்திருந்தால் கம்ப்ரஸரை ஏன் எடுக்கப் போகிறேன்?

அவள் திட்டவில்லை. "செரி, உடுங்க" என்று உள்ளே போனவள், அப்புறம் மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

சேலத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்பவரிடம் போனேன். அதே ப்ராஸஸர் இல்லை. "இது அதே குழியில உக்காருமுங்க. நானூறுல ஓடும், பறக்கும் பாருங்க" என்று வேறொன்றை நீட்டினார். பறந்தால்தானே வம்பு! வேகம் கூடினால் எங்கள் புரோகிராம் திறக்கும்போதே கணக்குப் பிசகி நின்றுவிடும். ஆனால் வேகத்தைக் குறைக்க வழி இருந்தது. ப்ராஸஸர் உட்காரும் போர்டின் துடிப்பு அறுபத்தாறு சொச்சம் மெகாஹெர்ட்ஸ். அதை எத்தனை மடங்காக்குவது என்பதை, ஊசிகளில் செருகும் ஜம்பர் என்ற சின்ன மூடிகள் தீர்மானிக்கும். அந்தத் தைரியத்தில், ஒரு புது விசிறியும் சேர்த்து வாங்கிவந்தேன்.

வோல்டேஜை முதலில் இறக்கி வைத்தேன். இன்னொன்றைக் கொல்ல எனக்குத் தெம்பில்லை. பிறகு போர்டின் அட்டவணையில் ஆகச் சின்ன மடங்கான இரண்டில் ஜம்பரைச் செருகினேன். நூற்று முப்பத்து மூன்று வர வேண்டும். திரையில் நானூறு என்று வந்தது. புரோகிராம் நின்றுவிட்டது.

கழற்றித் துடைத்து மறுபடி செருகினேன். நானூறு. புது ஜம்பர் போட்டேன். அப்போதும் நானூறு. விடுவேனா? மறுநாள் காலையில் உட்கார்ந்து, எந்த ஊர்க்காரரோ இணையத்தில் என்றைக்கோ எழுதியதைத் தோண்டி எடுத்தேன். இந்த ரக ப்ராஸஸர், இரண்டு என்று வைத்தால் ஆறு என்று எடுத்துக்கொள்ளுமாம்! பழைய போர்டிலும் முழு வேகம் கிடைக்கட்டும் என்று செய்தவர்களே வைத்த ஏற்பாடாம். "அடப் படுபாவிகளா!" என்று வாய்விட்டுக் கத்தினேன். நான் குறைக்கிறேன் பேர்வழி என்று உச்சத்துக்கே கூட்டியிருக்கிறேன்.

இரண்டரையில் வைத்தேன். நூற்று அறுபத்தாறு. புரோகிராம் திறந்து, டிசைன்கள் வரிசையாக வந்து நின்றன.

"அம்மணி, இங்க வா!"

வந்து பார்த்தாள். உள்ளே போய், கட்டம் போட்ட தாள்களோடு திரும்பி வந்தாள். எல்லாவற்றிலும் பென்சில் கோடுகள். அழித்து அழித்துத் தாளே நைந்திருந்தது.

"மூணு நாளா ஞாபகத்துல இருந்து வரஞ்சு பாத்தனுங்க" என்றாள். "நாலுதான் வந்துச்சு."

கோபத்தில் முகம் கொடுக்காமல் இருக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த அன்னப்பட்சியத் தொறங்க. அதோட வாலு எனக்கு வரவே மாட்டேங்குது."