முதல் பரிசுத் தட்டு

சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமா எனக்கு உள்ளங்கை அளவில் ஒரு வீடியோ கேம் கொடுத்தார். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து தினமும் மத்தியானம் அதை ஆடுவேன். மேலேயிருந்து பழம் விழும். கூடைக்காரன் ஓடி ஓடிப் பிடிக்க வேண்டும். மூன்று பழம் தவறினால் ஆட்டம் முடிந்தது. நான் ஸ்கோரைப் பார்க்கவே மாட்டேன். பழம் தரையில் விழுந்ததும் அவன் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பான் பாருங்கள், அதற்காகவே இரண்டு பழத்தை விட்டுவிட்டுச் சிரிப்பேன். பத்தொன்பது வயதில் எனக்கென்று இருந்த சந்தோஷம் அவ்வளவுதான்.

அந்தப் பொங்கலுக்குத் தெரு இளைஞர்கள் கோலப்போட்டி, மியூசிக்கல் சேரோடு, என் கேமை வாங்கி அதிலும் ஒரு போட்டி வைத்துத் தொலைத்தார்கள். நான்தான் ஜெயித்தேன். எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். மறுநாளே அப்பா பாத்திரக்கடைக்கு ஓடி, என் பெயரையும் 'வீடியோ கேம் முதல் பரிசு' என்பதையும் தட்டின் நடுவில் வெட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது சனி. போகிறவர் வருகிறவரெல்லாம், "இன்னிக்கு எவ்ளோ ஸ்கோரு?" என்றார்கள். ஒரு பழத்தை விட்டால் அப்பாவின் முகம் சுண்டிப்போகும். "பிரைஸ் வாங்குன கை, இப்படியா ஆடுவ?" என்பார். பரிசு வேறு, ஆட்டம் வேறு என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது?

தை முடிவதற்குள் விழுப்புரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை எழுத வேண்டும், இப்போது கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். யார் காதில் விழுந்தது? அப்பா வேண்டுமென்றே அந்தத் தட்டிலேயே பஜ்ஜி வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினார். பஜ்ஜி தீரத் தீர எழுத்து வெளியே வந்தது. மாப்பிள்ளையின் அம்மா அதைப் படித்துவிட்டு, "பாட்டெல்லாம் வேணாம்மா, இத ஆடிக் காட்டு பாக்கலாம்" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மூன்று பழத்தை விட்டால் போதும், ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். ஒன்றை விட்டேன். இன்னொன்றையும் விட்டேன். கூடைக்காரன் தலையில் கைவைத்தான், சிரிப்பு வரவில்லை. மூன்றாவது பழம் கிளம்பும்போது ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்துவிட்டேன். அவர் சட்டையெல்லாம் வேர்வை. என் கட்டைவிரல் தானாக அழுத்தியது. பாழாய்ப்போன விரல்! அதற்கப்புறம் ஒரு பழம்கூடக் கீழே விழவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அன்றைக்கே பூ வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

சீரோடு சீராகத் தட்டும் விழுப்புரம் வந்தது. புடவைக்கு நடுவில் சுற்றி, கேமையும் எடுத்து வந்திருந்தேன். ஒரு மத்தியானம் பாத்திரமெல்லாம் துலக்கி வைத்துவிட்டு, யாரும் ஸ்கோர் கேட்காத இடத்தில்தானே இருக்கிறோம் என்று ஆசை ஆசையாக அதைக் கையில் எடுத்தேன். எதிரே மாமியார் மல்லாட்டை உரித்துக் கடலையை என் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"அதான் பிரைஸ் வாங்கிட்டியேம்மா, இன்னும் எதுக்கு அத ஆடிக்கினு இருக்க?"