மூன்றாம் மாடியில் ஒரு பாலம்

அந்தப் பொதுப்பணி அலுவலகத்தில் மதிப்பீடு எழுதுகிறவருக்குத் தசமம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. அதைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்க முடியும். ஒரு ஜன்னல் கம்பியாக இருந்தாலும் மூன்று தசம இடங்களுக்குக் குறைத்து எழுதமாட்டார். இருபத்தேழு வருடத்தில் அவர் எழுதிய மதிப்பீடு ஒன்றுகூடத் திருத்தச் சொல்லித் திரும்பி வந்ததில்லை. அவரே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் இது எல்லோருக்கும் தெரியும்.

எதிர் மேசை முத்திரையம்மாவுடையது. வெளியே போகிற தபால் எல்லாம் அவர் கையால் முத்திரை வாங்கித்தான் போகும். சக்கர நாற்காலியில் வருவார், லிஃப்டில் மூன்றாம் மாடிக்கு ஏறுவார், ஐந்தரைக்கு இறங்குவார். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் பதினோரு வருடமாக யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிடுவார். பதிலுக்கு வாங்கித் தர வேண்டியிருக்குமே என்ற கஞ்சத்தனம் என்று தசமம் முடிவுகட்டி வைத்திருந்தார். அவ்வளவு பெரிய மேதை அவர்.

ஒரு திங்கட்கிழமை முத்திரையம்மா மற்ற தபால்களோடு தன்னுடைய கடிதம் ஒன்றையும் வைத்தார். விருப்ப ஓய்வு, மூன்று மாத நோட்டீஸ்.

"என்ன மேடம், திடீர்னு?" என்றார் தசமம்.

"கிட்னில மூணாவது தடவையா கல்லு சார். தினம் மூணு லிட்டர் தண்ணி குடிக்கலேன்னா கிட்னியே போயிடும்கறார் டாக்டர். குடிச்சிட்டு எங்க போறது? இங்க பாத்ரூம் கதவு அறுபது சென்டிமீட்டர். என் வண்டி அறுபத்தாறு."

"அப்ப இத்தனை வருஷமா?"

"காலைல எந்திரிச்சா சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டு கிடையாது. நீங்க வேற டீ டீன்னு உயிரை எடுப்பீங்க."

"வேலையை விட்டுட்டு என்ன பண்ணுவீங்க?"

"தம்பி வீட்டு ஹால்ல உக்காந்து டிவி பாக்கணும். தம்பி பொண்டாட்டி இப்பவே சோபாவை நகத்தி எனக்கு இடம் ஒதுக்கிட்டா." சொல்லிவிட்டு அடுத்த உறையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.

தசமம் எழுந்து ஆவண அறைக்குப் போனார். பழைய கோப்புகளைத் தோண்டினார். மூன்றாம் மாடிக் கழிப்பறை, கதவு அகலம்: 0.600. பக்கத்தில் இளம் வயதுக் கையெழுத்து, அவருடையதேதான். அன்றைக்கு 0.900 என்று எழுதியிருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் துணி மடிப்பதை நிறுத்தாமலே கேட்டார்: "வருத்தப்பட்டு என்னங்க பிரயோஜனம்? நாளைக்கு ஒரு நாள் நீங்க அடக்கிப் பாருங்களேன்."

மனைவி சொன்னது பேச்சுக்கு. தசமம் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். மறுநாள் பன்னிரண்டு மணிவரை கெத்தாக இருந்தார். ஒன்றரைக்கு முகம் கோணியது. இரண்டரைக்கு ஒரு வாய்க்கால் மூடியின் கனத்தை 0.200 மீட்டர் என்று எழுதுவதற்குப் பதில் 200 மீட்டர் என்று எழுதிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். திரும்பி வந்து அதைத் திருத்தியபோது முத்திரையம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அன்றே மதிப்பீடு எழுத உட்கார்ந்தார். கதவை அகலப்படுத்துவது, வாசல்படிக்குச் சாய்தளம், வண்டி திரும்ப இடம், பிடித்து எழும்பக் கைப்பிடிக் கம்பி. மொத்தச் செலவு, தலைமைப் பொறியாளர் அறைக்குத் திரைச்சீலை மாற்றிய செலவில் பாதிகூட வரவில்லை.

தலைமைப் பொறியாளர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "கைப்பிடிக் கம்பி. விலைப் புத்தகத்துல எந்தப் பக்கம்?"

துறைக்கு விலைப் புத்தகம்தான் எல்லாம். அதில் இருக்கிற பொருளுக்குத்தான் பணம். அதில் இல்லாத பொருள் உலகத்திலேயே இல்லை. தசமம் தலையைச் சொறிந்தார். "அதுல இல்ல சார்."

"இல்லாததை எப்படிய்யா வாங்குறது?"

இருபத்தேழு வருடத்தில் முதல் முறையாக ஒரு மதிப்பீடு திரும்பி வந்தது. அலுவலகமே துக்கம் விசாரித்தது. தசமம் விலைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். துண்டு போடும் கம்பி இருந்தது. இரண்டு கிலோ தாங்கும். சிறைக் கம்பி இருந்தது. அதைச் செங்குத்தாக மட்டுமே பொருத்தலாம் என்று விதி. ஒன்பதாம் நாள், பாலங்கள் அத்தியாயத்தில், ஆள் சாய்ந்தாலும் அசையாத பக்கவாட்டுக் கைப்பிடி கிடைத்தது. அடுத்த பக்கத்தில் அணுகுசாலைச் சாய்தளம். அதற்கடுத்து வாகனம் திரும்பும் இடம். பிறகு வழித்தடத்தை அகலப்படுத்துதல். முத்திரையம்மாவுக்கு வேண்டியது அத்தனையும் அந்த ஒரே அத்தியாயத்தில் இருந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்படித்தான் மூன்றாம் மாடிக் கழிப்பறை காகிதத்தில் பாலம் ஆனது. ஆனால் பாலம் என்றால் பாலத்துக்குரிய சடங்குகளை விட முடியுமா? மண் பரிசோதனை கட்டாயம். மூன்றாம் மாடியில் மண் கிடைக்காததால் பூந்தொட்டியிலிருந்து எடுத்து அனுப்பினார்கள். ஆற்றின் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது. 'பெயரில்லா ஓடை' என்று எழுதினார். பத்து வருடத்தில் ஏறிய அதிகபட்ச வெள்ளம் எவ்வளவு என்று துப்புரவு அக்காவிடம் விசாரித்தார்.

"ஒரு தடவை தொட்டி உடைஞ்சு கணுக்கால் வரைக்கும் வந்துச்சு சார். மேனேஜர் செருப்பு மெதந்துச்சு."

0.110 மீட்டர் என்று குறித்துக்கொண்டார். தினசரி வாகனப் போக்குவரத்து: நான்கு சக்கரம், ஒன்று.

எச்சரிக்கை விளக்கு, வெள்ள அளவுக் கல், இரு கரையிலும் பெயர்ப்பலகை எல்லாம் சேர்ந்து செலவு பதினாலு மடங்காக ஏறியது. தலைமைப் பொறியாளர் கடைசித் தொகையைப் பார்த்து முகம் மலர்ந்தார். "இதுதான்யா மதிப்பீடு! முன்னாடி கொண்டுவந்தியே, அதுல கையெழுத்துப் போட எனக்கே வெக்கமா இருந்துச்சு." மறுநாளே பணம் ஒதுக்கப்பட்டது.

வேலை பத்து நாளில் முடிந்தது. சுமைச் சோதனை மட்டும் பாக்கி. விதிப்படி சரக்கு ஏற்றிய லாரி பாலத்தின் மேல் நிற்க வேண்டும். லாரி லிஃப்டில் ஏறாது என்பதைப் பொறியாளர்கள் ஒரு வாரம் கூடிப் பேசி ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு மூன்றாம் மாடி ஊழியர்கள் பத்தொன்பது பேரும் கழிப்பறைக்குள் நெருக்கியடித்து நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் கம்பியில் தொங்கினார்கள். கம்பி எள்ளளவும் அசையவில்லை. கணக்கு அதிகாரிக்குத்தான் தோள் பிசகியது.

நோட்டீஸ் முடிய இரண்டு நாள் இருக்கும்போது திறப்பு. தலைமைப் பொறியாளர், அவருடைய உதவியாளர்கள், புகைப்படக்காரர், பூச்செண்டோடு இருவர் என்று கதவு வாசலில் கூட்டம். முதல் வாகனம் கடப்பதை மூன்று அதிகாரிகள் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. முத்திரையம்மா வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"போங்கம்மா, போங்க. எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றார் தலைமைப் பொறியாளர்.

"சார், ரெண்டு மாசமா இந்தப் பில்டிங்ல எல்லாரும் என் மூத்திரத்தைப் பத்தித்தான் பேசுறீங்க. கூட்டம் போட்டுப் பேசுறீங்க, பைல் போட்டு எழுதுறீங்க. நீங்கள்லாம் போறப்போ யாராவது வாசல்ல பூச்செண்டோட நிக்கிறாங்களா?" அவர் குரல் உடைந்தது. "இதுக்கு நான் தம்பி வீட்டுக்கே போயிடறேன்."

வண்டி திரும்பியது. தசமத்துக்கு உயிரே போய்விட்டது. விதி மீறி ஒரு காற்புள்ளிகூட வைத்தறியாத அந்த மனிதர் படிவத்தைப் பிடுங்கிச் சுவரில் வைத்து எழுதினார்: 'வாகனம் காலை 11.20 மணிக்குப் பாலத்தைக் கடந்தது. நேரில் கண்டோம். குறையொன்றுமில்லை.' முதல் கையெழுத்தைத் தானே போட்டார்.

"யோவ், இன்னும் போகவே இல்லையே?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"போயாச்சு சார். நான் பார்த்தேன். கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

இருபத்தேழு வருடம் தவறே எழுதாதவர் சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவது? எல்லோரும் கிளம்பினார்கள். தசமமும் பின்னால் திரும்பிப் பார்க்காமல் தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அன்று மாலை விருப்ப ஓய்வுக் கடிதம் வாபஸ் ஆனது.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள், அவசரத் தபாலோடு பியூன் ஓடி வந்தார். எதிர் மேசையில் ஆள் இல்லை.

"சார், முத்திரையம்மா எங்க?"

"தெரியலையேப்பா" என்று சொல்லிவிட்டுத் தசமம் வேலையைப் பார்த்தார்.