கோவணம் கட்டிய கிடார்

தன்னைத் தானே சுதி சேர்த்துக்கொள்ளும் எலக்ட்ரிக் கிடார் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, வில்லியனூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கும் என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சுதி தானா சேருது, சரி. வாசிக்கிறதையும் அதுவே பாத்துக்கிச்சின்னா நீ வூட்ல நிம்மதியா சோறாக்கலாம் இல்ல?"

காதலித்த காலத்தில் இவர் வாயில்லாப் பூச்சி. தாலி கட்டிய பிறகுதான் பூச்சிக்கு வாய் முளைத்தது.

கிடாரை வாங்கி அனுப்பியவள் பிரான்சில் இருக்கும் என் அக்கா. எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் நான் வெகு காலமாகக் கிடார் வாசிக்கிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டுக் கேட்டு, தப்புத் தப்பாகத் தட்டி, அப்படியே விரலுக்கு வந்தது. என் பழைய கிடாரின் கழுத்து விரிசல் விட்டுப் போய், இப்போது அவர் கடையில் செப்புக் கம்பிச் சுருள் மாட்டும் ஆணியாக நல்லபடியாக வேலை செய்கிறது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அக்கா இதை அனுப்பினாள். அனுப்பியதோடு நிற்கவில்லை. "திருவிழாவுக்கு வர்றேன். நீ வாசிக்கிறத முன்வரிசைல குந்தி பாக்கப் போறேன்" என்றும் சொல்லிவிட்டாள்.

கிடாரின் தலையில் ஆறு முறுக்காணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் சுண்டைக்காய் அளவு மோட்டார். பொத்தானை அழுத்தி ஆறு கம்பிகளையும் ஒருசேர வருடினால், மோட்டார்கள் தூக்கத்தில் எழுப்பிய பிள்ளை மாதிரி முனகிக்கொண்டே கம்பிகளைத் தாமாக முறுக்கும். சுதி சேர்ந்ததும் பச்சை விளக்கு எரியும். வீட்டில் வாசித்தபோது தேனாகத்தான் இருந்தது.

கோயிலில் முதல் பயிற்சிக்குக் கொண்டுபோனேன். நாலு வரி போவதற்குள் ஆர்மோனிய மாஸ்டர் கையைத் தூக்கிவிட்டார்.

"இன்னாம்மா இது. நாங்க ஒரு ஊர்ல பாடறோம், உன் கிடாரு வேற ஊர்ல பாடுது."

தபலாக்காரர் விடுவாரா. "பிரான்ஸ்லேர்ந்து வந்துது இல்ல மாஸ்டர், நம்ம ஊரு பாஷை புரியல போல."

பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. வாசித்தேன். பல் கூசியது. மறுபடி அழுத்தினேன். பச்சை. மறுபடி கூச்சம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குக் கோணல் என்று சொல்ல ஒரு கூடம்கூட இல்லை. விளக்குதான் பச்சையாய் எரிகிறதே.

வீட்டுக்கு வந்து வைத்தியத்தை ஆரம்பித்தேன். பேட்டரி இறங்கியிருக்கும் என்று முழுசாகச் சார்ஜ் ஏற்றினேன். புதுக் கம்பிகள் தளர்ந்துகொண்டேதான் இருக்கும் என்று ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் பழக்கினேன். கடைசியில் தலையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால், ஆறு மோட்டாரின் இடுக்கிலும் மஞ்சளாக என்னவோ காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். சந்தனம்.

"ஏங்க, இது உங்க வேலையா?"

"ஆயுத பூஜைக்கு வெச்சேன்" என்றார், குற்ற உணர்ச்சியே இல்லாமல். "மிக்சிக்கு வெச்சேன், தண்ணி மோட்டாருக்கு வெச்சேன், வண்டிக்கு வெச்சேன். இது ஒண்ணுலயே ஆறு மோட்டார் இருக்குது. இத வுட்டா சாமி கோவிச்சிக்காதா?"

"நான் கோவிச்சிக்கிறது பரவால்லையா?"

"நீ தெனம் கோவிச்சிக்கிற. சாமி வருசத்துக்கு ஒரு வாட்டிதான் கேக்குது."

பழைய பல் பிரஷ்ஷை எடுத்து, பல் சக்கரம் பல் சக்கரமாகத் தேய்த்து எடுத்தேன். சந்தனத்தோடு கொஞ்சம் குங்குமமும் வந்தது. பிள்ளையாருக்கு நேர்ந்துவிட்ட கிடாரை வைத்துக்கொண்டுதான் மாதா பாட்டு வாசித்திருக்கிறேன். காரணம் கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் அவரைத் திட்டுவதைக்கூடப் பாதியில் நிறுத்தினேன்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு கடைசிப் பயிற்சி. சந்தனம் இல்லாத கிடார், பச்சை விளக்கு, நிமிர்ந்த நெஞ்சு. வாசித்தேன். அதே பல் கூச்சம்.

மாஸ்டர் இந்தத் தடவை கையைத் தூக்கவில்லை. ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதம்மா. திருவிழாப் பூசைக்கு இத கொண்டாராத. நீ நின்னு பாடு, போதும்."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் அதற்கும் வழியில்லை. அக்கா அதற்குள் வந்து இறங்கிவிட்டாள்; என் வீட்டில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய் என்னவென்று சொல்வது?

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஆம்ப்ளிஃபயர் செத்தது. எல்லோரும் காற்றுக்காக வாசல் பக்கம் போனார்கள். மாஸ்டர் மட்டும் கட்டைகளை லேசாக அழுத்திக்கொண்டு தனக்குத் தானே ஒரு பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்மோனியத்துக்குக் கரண்ட் எதற்கு. நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து, வீம்புக்கு, மோட்டார்களை விலக்கிவிட்டு முறுக்காணிகளைக் கையாலேயே திருகினேன். பழைய கிடாரை அப்படித்தான் சேர்ப்பேன். அவர் கட்டையை அழுத்துவார், நான் காதைக் கம்பியோடு வைத்துத் திருகுவேன். ஆறும் சேர்ந்தது. வாசித்தேன். ஆர்மோனியத்தோடு சோறும் குழம்பும் மாதிரி கலந்தது.

சும்மா இருக்க முடியாமல் பொத்தானை அழுத்தி வருடினேன். ஆறு மோட்டாரும் முனகிக்கொண்டு எழுந்து, ஆறு கம்பியையும் மேலே இழுத்தன. ஒரே அளவு. ஒன்றுகூட விலகவில்லை.

ஒரு மாடு திமிறினால் மாட்டில் கோளாறு. பூட்டிய மாடெல்லாம் ஒரே பக்கம் இழுத்தால் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

நிமிர்ந்து பார்த்தேன். மாஸ்டர் கண்ணை மூடி, பெட்டிமேல் கன்னம் படுகிற மாதிரி குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய சொந்த ஆர்மோனியம். பயிற்சி முடிந்ததும் போர்வையில் சுற்றி, டி.வி.எஸ். வண்டியில் மடிக்குழந்தை மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு போவார். அது எத்தனை வருசமாக ஒரு நூல் இறங்கிக் கிடக்கிறதோ. அதைக் கேட்டுக் கேட்டு, குழுவில் இருக்கிற அத்தனை பேரும், நானும், அழகாக ஒரு நூல் இறங்கியே பாடிக்கொண்டிருந்திருக்கிறோம். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், எல்லாவற்றுக்கும்.

கிடாரை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்குப் போய்த்தான் சொன்னேன்.

என் கணவர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "ஊரே அம்மணமா இருந்தா கோவணம் கட்டனவன்தான் பைத்தியக்காரன். உன் கிடாரு கோவணம் கட்டிக்கினு கோயிலுக்குப் போயிருக்குதுடி."

"இப்ப அத அவுக்கணுமா?" என்றேன்.

அக்கா கை கழுவிவிட்டு வந்து கிடாரோடு வந்த விளக்கப் புத்தகத்தை எடுத்தாள். எல்லாம் பிரெஞ்சு. அவள் அதை வாய்விட்டுப் படித்தால் வெந்நீர் கொப்பளிக்கிற மாதிரி இருக்கும். கொப்பளித்துக்கொண்டே போனவள் ஒரு பக்கத்தில் நின்றாள்.

"இதோ இருக்குது பாரு. ஒரு கம்பிய கையால வெச்சி, இதான் சரின்னு சொல்லிக் குடுத்தா, மத்தத அதுக்கு ஏத்தாப்போல அதுவே இறக்கிக்குமாம். ஏண்டி, சரியா இருக்கிறத கெடுக்கறதுக்குகூட பொத்தான் வெச்சிருக்கானே."

"கெடுக்கல. பழக்கறோம்" என்றேன்.

திருவிழா அன்று காலை சீக்கிரமே போய், மாஸ்டர் பெட்டியைத் திறந்து கட்டையை அழுத்தியதும் ஒரு கம்பியை அதற்குச் சேர்த்து, இதுதான் சரி என்று கிடாரிடம் பச்சைப் பொய் சொன்னேன். மோட்டார்கள் முனகின. பச்சை விளக்கு எரிந்தது. முதல் பாட்டு ஆரம்பித்ததும் மாஸ்டர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். இரண்டாவது பாட்டில் பார்க்கவில்லை. காணிக்கைப் பாட்டில் தலையை ஆட்டினார். முன்வரிசையில் அக்கா, தொடங்கியதிலிருந்து முடியும் வரை, கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பூசை முடிந்து, வெளியே பொங்கல் வாங்கிக்கொண்டு நிற்கும்போது மாஸ்டர் என் பக்கத்தில் வந்தார். கிடாரின் தலையை ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தியாம்மா. நான் அப்பவே சொன்னேன். மெஷினா இருந்தாலும் நல்ல பெட்டி கூட நாலு நாள் வெச்சா அதுக்கும் காது வந்துடும்."

"ஆமா மாஸ்டர்" என்றேன்.

பக்கத்தில் என் கணவர் பொங்கலை விழுங்கிவிட்டு, "அது ஒண்ணுமில்ல மாஸ்டர், அந்தக் கோவணம்..." என்று ஆரம்பித்தார்.

செருப்புக் காலால் அவர் கால் கட்டைவிரலை அழுத்தி மிதித்தேன். அவர் எழுப்பிய சத்தம் எங்கள் சுதியைவிட ஒரு நூல் மேலே இருந்தது.