உ என்றால் முட்டை

பர்மாவில், யாங்கோனுக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டில் முட்டைக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பபேடான் பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் குடியிருக்கிறோம். இந்த ஊரில் மாடி வீட்டுக்காரர்கள் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு, நுனியில் கிளிப் மாட்டி வைத்திருப்பார்கள். வேண்டிய சாமானைச் சீட்டில் எழுதிச் செருகி இறக்கினால், கீழே மளிகைக் கடைக்கார அம்மா பையைக் கட்டிவிடுவார், நாம் இழுத்துக்கொள்ளலாம். நானும் பருப்பு, வெங்காயம், எண்ணெய் என்று ஆங்கிலத்தில் எழுதி இறக்குவேன். எல்லாம் வரும், கேட்காத முட்டையும் கூடவே வரும். ஏமாற்றுகிறாள் இந்த மனுஷி என்று முடிவு கட்டி ஒரு நாள் சண்டைக்கே இறங்கிப் போனேன். அந்த அம்மா சீட்டை என் மூக்குக்கு நேரே நீட்டி, உச்சியில் நான் போட்டிருந்த பிள்ளையார் சுழியைத் தொட்டுக் காட்டினார். நம் உ போலவே வளைத்துப் போடுகிற ஓர் எழுத்து பர்மியத்திலும் இருக்கிறது. உச்சரிப்பும் உ தான். பொருள், முட்டை. அதையே கொஞ்சம் இழுத்துச் சொன்னால் ஐயா என்று ஆகிவிடும். எனக்கு இன்றுவரைக்கும் அந்த இழுப்பு பிடிபடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாற்பதைத் தாண்டிய பிறகு நான் இதே ஊரில் நிஜமாகவே முட்டை கேட்டுப் போய் நின்றேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளிலும் கை தன் பாட்டுக்கு உ போட்டுவிட்டது. அங்கிருந்த நர்ஸை எல்லாரும் 'சயாமா' என்பார்கள். டீச்சரம்மா என்று அர்த்தம், மரியாதைக்குச் சொல்வது. சயாமா அந்த உவைப் பார்த்துவிட்டு, "தெரியும் தெரியும், அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்" என்று பர்மியத்தில் சொல்லிச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என் கணவர் வீட்டில் முருகேசன், ஆபீஸில் பர்மியப் பெயரில் கோ மின். துறைமுக வேலைக்கு வந்த குடும்பத்தின் நாலாவது தலைமுறை. நான் திருச்சியில் பிறந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். பல வருடம் மருந்து, ஊசி என்று பார்த்த பிறகு, என் சினைமுட்டை இனி உதவாது, வேறொரு பெண்ணின் முட்டைதான் வழி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அதில் மூன்று வகை இருக்கிறதாம். ஒன்று, எனக்காகவே ஒரு இளம்பெண்ணுக்கு ஊசி போட்டு எடுக்கிற புது முட்டை. இரண்டாவது, தானும் குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கிற ஒரு பெண் தன்னிடம் எடுக்கிற முட்டைகளில் பாதியைக் கொடுப்பது. அதற்கு அவள் செலவில் பெரும்பகுதியை நாம் ஏற்க வேண்டும். மூன்றாவது, முன்பே யாரிடமோ எடுத்து உறைய வைத்தது.

காய்கறி வாங்குவது போலப் பேசிக்கொண்டு வீடு வந்தோம். கூடத்தில் இருந்த என் மாமியார் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, "ஐஸ்ல வெச்ச முட்டையெல்லாம் எதுக்கு? அன்னாடம் புதுசா வாங்குங்களேன்" என்றார். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். நான் சமையலறைக்குள் போய் நின்றுவிட்டேன். எவ்வளவு வெள்ளந்தியாகச் சொன்னார் பாவம். அவரிடம் மறைத்தது ஒரு பக்கம் உறுத்தியது என்றால், என் அம்மாவிடம் மறைத்தது அதைவிட. திருச்சியிலிருந்து வீடியோவில் வரும்போதெல்லாம் அம்மா, "உன்னய உரிச்சு வெச்சாப்புல ஒண்ணு பொறக்கணும்டி" என்பாள். அம்மாவின் நெற்றி, அம்மாவின் மோவாய் என்னிடம் அப்படியே வந்திருக்கிறது. என்னோடு அது நின்றுவிடப்போகிறது என்பதை எந்த வாயால் சொல்வது? சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

புது முட்டை வேண்டாம் என்றேன். ஆற்றைத் தாண்டித் தன்லியினுக்குப் போகும் பஸ்ஸில் தொழிற்சாலைப் பெண்கள் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, மடியில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு தூங்கி வழிவார்கள். இவர்களில் ஒருத்தி எனக்காக ஊசி குத்திக்கொள்ள வேண்டுமா? உறைய வைத்ததற்கு வேறு பயம். இந்த ஊரில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டு ஃப்ரிட்ஜில் பால் தங்குவதில்லை. இதைச் சயாமாவிடம் கேட்டேவிட்டேன். "அது நைட்ரஜனில் இருக்கிறது அம்மா, கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் உறைந்ததில் இந்தியச் சாயல் எதுவும் இல்லை என்றும் சொன்னார். பகிர்வதற்கு மட்டும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாளாம். உங்கள் மூஞ்சி, உங்கள் நிறம் என்றார். அப்போது அவர் பகிர்வுக்குச் சொன்ன வார்த்தை எனக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தை. அம்யா.

அதை அறியாமல் இந்த ஊரில் ஒரு மாதம்கூட வாழ முடியாது. யாராவது அன்னதானம் செய்தால், புத்த மடத்துக்கு ஏதாவது கொடுத்தால், முடிவில் "அம்யா, அம்யா, அம்யா" என்று உரக்கச் சொல்வார்கள். இந்தப் புண்ணியத்தில் உங்களுக்கும் பங்கு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். கேட்கிறவர்கள் "தாது, தாது, தாது" என்பார்கள். நம் 'சாது'தான் இவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. நன்று நன்று என்று ஏற்றுக்கொள்வதாம். ஊரில் நாம் பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்லி நம் வீட்டுக்கென்று அர்ச்சனை செய்து, தேங்காய் மூடியைக்கூடக் கணக்காக வாங்கிக்கொண்டு வருகிறவர்கள். வழியில் போகிறவனைக் கூப்பிட்டுப் புண்ணியத்தில் பங்கு கொடுக்கிற இந்தப் பழக்கத்தைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான் ஒரு நாளும் தாது சொன்னதில்லை. நமக்கெதற்கு என்று நகர்ந்துவிடுவேன்.

பகிர்வதையே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டோம். அதற்கு அடுத்த தடவை ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. லுங்கி மாதிரி இங்கே பெண்கள் கட்டுகிற தமெய்ன், தலையில் கொஞ்சம் பூ. என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, "தமிளாக்கா?" என்றாள்.

"ஆமாம்மா. நீ?"

"நம்மளும் தமிளுதான். ஊரு கியாக்தான், ஆத்துக்கு அந்தப் பக்கம். வீட்ல தனம், வெளிய மா தந்தா. தமிளு காதுல வருது, வாய்ல வரமாட்டேங்குது." சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். புருஷன் மீன் படகில் போகிறானாம். கருக்குழாய் இரண்டும் அடைப்பாம். முட்டைக்கு ஒரு குறையும் இல்லையாம். "பாதி நமக்கு, பாதி இன்னொரு அம்மாவுக்கு. நம்ம மூஞ்சிக்காரங்கதானாம், சயாமா சொன்னாங்க. அவுங்களாலதான் நமக்கு வைத்தியமே நடக்குது. நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அந்த இன்னொரு அம்மா நான்தான். பேசாமல் இருந்திருக்கலாம். "நீங்க எதுக்குக்கா வந்தீங்க?" என்று அவள் கேட்டதும், "ரத்தம் கம்மிம்மா, அதுக்கு ஊசி" என்று பட்டென்று பொய் சொன்னேன். "அய்யோ, பீட்ரூட் சாப்பிடுங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் பார்த்தேன். மூக்கைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், சிரித்தால் பல்வரிசை எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். சந்தையில் மாடு பிடிக்கப் போனவள் மாதிரிப் பார்த்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மனசு கேட்கவில்லை. நல்ல பாதி எனக்கு வந்து, அவளுக்கு ஒன்றும் நிற்காமல் போனால்? வீட்டுக்கு வந்து முருகேசனிடம், "ஐஸ்ல இருக்கிறதே போதும். நம்ம சாயல் வேண்டாம், யார் சாயலா இருந்தா என்ன" என்றேன். அவர், "ஒனக்கு எது மனசுக்கு ஒப்புதோ அதயே செய்மா" என்றார். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது. ஒருத்தியின் பாதியைப் பிடுங்காமல் விட்டேன் என்று ஒரு கர்வம். நிம்மதியாகத் தூங்கினேன்.

சில வாரம் கழித்து அதே பெஞ்சில் தனம் உட்கார்ந்திருந்தாள். பூ இல்லை. "தள்ளிப் போச்சுக்கா" என்றாள். "அந்த அம்மா வாணாம்னுட்டாங்களாம். நம்ம மூஞ்சி கேக்குறவங்க வேற யாரும் இல்லையாம். தனியா செய்ய நம்மகிட்ட ஏது? படகை வித்தாத்தான் உண்டு." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "எங்கயாச்சும் நம்மளப் பாத்திருப்பாங்களோ? மூஞ்சி புடிக்கல போல" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. எடுத்தால் ஒரு பாவம், எடுக்காவிட்டால் அதைவிடப் பாவம் என்று எனக்கு ஏன் உறைக்கவே இல்லை? என் மனசு சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் பார்த்துக்கொண்டேன். அவளுடைய குழந்தையை நினைத்தேனா? அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய், பகிர்வதே வேண்டும் என்று சயாமாவிடம் சொன்னேன். "இனிமேல் மாற்ற மாட்டீர்களே?" என்று அவர் முகத்தைச் சுளித்தார். மாற்ற மாட்டேன் என்றேன். வெளியே வந்தபோது தனம் இருந்த இடத்திலேயே இருந்தாள். அவளிடம் எதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இரண்டு பேரின் பெயரும் வெளியே தெரியக்கூடாது என்பது அங்கே விதி. விதி எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

அவளுக்கு முட்டை எடுத்தார்கள், பங்கிட்டார்கள். ஒற்றைப்படையாக வந்தால் மிஞ்சுகிற ஒன்று அவளுக்குத்தான் போக வேண்டும் என்று நான் சயாமாவிடம் நச்சரித்துக் கேட்டு வாங்கியிருந்தேன். ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்ட மாதிரி. நான் பயந்ததே நடந்தது. எனக்குக் கரு நின்றது, அவளுக்கு நிற்கவில்லை. பெஞ்சில் என் நம்பரை வாங்கி வைத்திருந்தவள், போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "நிக்கலக்கா. பரவால்ல. இன்னும் ஒண்ணு ஐஸ்ல இருக்கு, மழை முடிஞ்சு பாக்கலாம்னு சயாமா சொன்னாங்க. ஒங்களுக்கு ரத்தம் ஏறுச்சா?" அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஏறிவிட்டது என்று பதில் அனுப்பினேன்.

அன்றைக்கே அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன், பாதியை மட்டும். திருச்சியில் கொண்டாட்டம். மாமியார் தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். எல்லாரும் என்னைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு மட்டும் திருடி வந்த வீட்டில் விருந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. சந்தோஷமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

போன மாதம் தனம் தன் வீட்டில் அன்னதானம் வைத்து என்னைக் கூப்பிட்டாள். போகாமல் இருக்க முடியவில்லை. பாலத்தைத் தாண்டி, தன்லியினைத் தாண்டி, பஸ்ஸில் ஒரே குலுக்கல். ஆற்று நடுவே கோயில் தெரிகிற கரையில் அவள் வீடு. தொளதொளவென்று உடுத்திப் போயிருந்தேன். அது யாரை ஏமாற்றும்? வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"அக்கா, சொல்லவே இல்லையே" என்று கத்தாமல் கத்தினாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. "எப்பிடிக்கா?"

"தானா நின்னுச்சும்மா" என்றேன்.

"பாத்தீங்களா, நல்லவங்களுக்கு நடக்கும்" என்று சொல்லி, என் தட்டில் இன்னொரு கரண்டி நூடுல்ஸ் வைத்தாள். எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

சாப்பாடு முடிந்து மடத்துச் சாமியார்கள் ஓதினார்கள். தனமும் புருஷனும் பாயில் மண்டியிட்டிருந்தார்கள். ஒரு பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, நிமிர்ந்து, எல்லாரையும் பார்த்து அவள் சொன்னாள்: "அம்யா, அம்யா, அம்யா." கூட்டம் முழுக்கத் தாது என்றது. பிறகு எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தமிழில் மெதுவாக, "அந்தப் பாதி போச்சு பாருங்க ஒரு அம்மாவுக்கு, அவுங்களுக்கும் சேத்துத்தான் சொன்னேன்க்கா. எங்க இருக்காங்களோ. காதுல விழாது, பரவால்ல. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. "தாது" என்றேன். "தாது" என்றேன். அதோடு போதும் என்று நினைத்தேன். எழப் பார்த்தேன். அவள் என் கையை விடவில்லை.

"மூணு தடவைக்கா" என்றாள். "மூணாவது சொல்லாட்டி வந்து சேராது."

வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மூன்றாவதையும் சொன்னேன். வாயில் அது தாது என்று வரவில்லை. எம் பொண்ணு சூதுவாது தெரியாதவ என்று என் அம்மா அக்கம்பக்கத்தில் என்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளும்போது சொல்கிற வார்த்தையாகத்தான் வந்தது. "சாது."